சும்மாடு நழுவிய தாடை

பெரியம்மாவுக்குத் தாடை பிடித்துக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தோசையைக் கடிக்க வாயைத் திறந்தவர் பாதியோடு நின்றுவிட்டார். அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே, மெல்லும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுனில், டத்தோ கெராமாட் சாலைக்குப் பக்கத்திலுள்ள அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, கன்னத்தில் ஒரு கையும் கைப்பேசியில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தார். பேத்தி தேடிக் கொடுத்த பக்கம் திரையில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதைக் கணினி மாற்றித் தந்த தமிழ்.

"எழுத்தெல்லாம் படிக்க வருது தம்பி. என்னா சொல்றாங்கன்னுதான் பிடிபடல" என்றார். அவர் விரல் நின்ற இடத்தில் 'மூட்டு வட்டு இடப்பெயர்வு' என்று இருந்தது. "எலும்பு கழண்டு வேற எடத்துக்குப் போயிடுச்சா? ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுப்பாங்களா?"

பெரியம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து நினைவஞ்சலி வரை ஒரு வரி விடாமல் படிப்பார். அப்படிப்பட்டவர், தன் உடம்பைப் பற்றிய ஒரு பக்கத்துக்கு முன்னால் ஏன் திகைத்து நிற்க வேண்டும்? எழுத்துகள் அதே தமிழ் எழுத்துகள்தான். படிக்கத் தெரிவதற்கும் படித்தது புரிவதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை அளக்க முடியுமா? முடியும் என்று நம்பி, ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் சிலர் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் அளக்க முயன்ற பண்பை இந்தக் கட்டுரையில் 'வாசிப்பெளிமை' என்று அழைக்கிறேன். ஒரு பனுவல், தன்னைப் படிப்பவருக்கு எவ்வளவு எளிதாகப் பிடிபடுகிறது என்பதே வாசிப்பெளிமை.

அளவுகோலுக்குப் போவதற்கு முன் தாடைக்குப் போய்விடலாம். காதுத் துளைக்கு ஒரு விரல்கடை முன்னால் சுட்டுவிரலை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்குக் கீழே ஒரு குமிழ் அசைவது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. மண்டையோட்டில் அதற்கென்று இருக்கும் குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. முழங்கால் மூட்டைப்போல் மடங்கி நிமிர்வது மட்டும் இதன் வேலை இல்லை. முதல் 25 மில்லிமீட்டர் அளவுக்கு வாய் திறக்கும்வரை கதவுக் கீல்போல் சுழலும். அதற்குமேல் திறக்க வேண்டுமானால், குமிழ் குழியைவிட்டு இழுப்பறைபோல் முன்னால் வழுக்கி வரவேண்டும். இப்படிச் சுழலவும் வழுக்கவும் செய்கிற குமிழுக்கும் மண்டையோட்டு எலும்புக்கும் நடுவே உராய்வைத் தாங்க, மெல்லிய மெத்தை ஒன்று உண்டு. மருத்துவத் தமிழில் அதற்கு வட்டு என்று பெயர்.

தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைக்கும் முன் துணியைச் சுருட்டி வைப்பார்களே, சும்மாடு, அதே வேலையைத்தான் இந்த மெத்தை செய்கிறது. சும்மாடு சற்று முன்னால் நழுவிவிட்டால், குடம் அதன்மேல் திரும்ப ஏறி உட்காரும்போது ஒரு குலுக்கல் வரும். தாடையில் கேட்கும் 'டக்' அந்தக் குலுக்கல்தான். நழுவிய சும்மாட்டின்மேல் குடம் ஏறவே முடியாமல் போனால், குமிழுக்கு முன்னால் வழி அடைபட்டு வாய் பாதியில் நின்றுவிடும். சத்தம் பலருக்கும் கேட்கும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வைத்தியமே வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசியப் பல்மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, மக்களில் 5 முதல் 12 விழுக்காட்டினருக்குத் தாடை மூட்டும் அதைச் சுற்றிய தசைகளும் வலியெடுக்கும் கோளாறு இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலோருக்கு மெதுவான உணவு, வெந்நீர் ஒத்தடம், கொட்டாவியை அடக்கிவிடுதல், பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கத்தை விடுதல் ஆகியவற்றிலேயே குறைந்துவிடுகிறது.

சும்மாட்டுக் கதையைச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் மாறியது. "இதை அப்படியே எழுதியிருக்கலாமே!" என்றார். அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இப்போது கையைக் கன்னத்திலிருந்து கீழே இறக்கி, தாடைக்கு அடியில் புறங்கை படும்படி வையுங்கள். 'வலி' என்று சொல்லுங்கள். தாடை இருமுறை இறங்கும். 'வாய்' என்றால் ஒருமுறை. இங்கே மலாய்ப் பாடவேளையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'சுக்கு காத்தா' என்று கற்றுக்கொடுப்பது இந்த ஒலித் துண்டைத்தான். தமிழில் இதை அசை என்பார்கள். யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிரையசையான 'வலி'க்குள்ளேயே தாடை இருமுறை இறங்குகிறதே. அடுத்து, தாடை மூட்டுக்கு ஆங்கில மருத்துவம் வைத்திருக்கும் பெயரின் முதல் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்: டெம்போரோமாண்டிபுலர். ஏழு முறை இறங்கும். தாடை வலியோடு வருகிறவருக்குத் தன் நோயின் பெயரைச் சொல்வதே வேதனை.

அசையை எண்ணி எளிமையை அளக்கலாம் என்று எல்லோருக்கும் பரப்பியவர் ருடால்ஃப் ஃபிளெஷ். 1911 இல் வியன்னாவில் பிறந்து சட்டம் படித்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938 இல் அமெரிக்காவுக்கு வந்தார். ஆங்கிலம் அவருக்கு வளர்ந்தபின் கைக்கொண்ட மொழி. அந்த மொழி எங்கே முள்ளாகக் குத்தும் என்பது, அதிலேயே பிறந்தவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1943 இல் முனைவர் பட்டம் பெற்று, 1948 இல் தன் அளவுகோலை வெளியிட்டார். அதற்கு இரண்டே கேள்விகள்: ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள்? ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள்? இரண்டும் கூடக் கூட மதிப்பெண் குறையும். 100க்குப் பக்கத்தில் வந்தால் குழந்தைக்கும் புரியும். 60 முதல் 70 வரை பொதுவான எளிய நடை. 30க்குக் கீழே போனால் மிகக் கடினம்.

இந்த இரண்டு எண்களுக்கும் புரிதலுக்கும் தொடர்பு உண்டு என்று எப்படித் தெரிந்தது? அமெரிக்கப் பள்ளிகளில் 1920களிலிருந்து ஒரு தேர்வுப் புத்தகம் புழக்கத்தில் இருந்தது. சிறு பத்தி ஒன்று, அதன் கீழே சில கேள்விகள். எந்தப் பத்திக்கு எந்த வகுப்புப் பிள்ளைகள் எத்தனை கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார்கள் என்ற கணக்கு கையில் இருந்தது. ஃபிளெஷ் அந்தப் பத்திகளில் சொல்லையும் அசையையும் எண்ணி, பிள்ளைகளின் மதிப்பெண்களோடு பொருத்திப் பார்த்தார். பிறகு 1975 இல் பீட்டர் கின்கெய்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கடற்படைக்காக இதே அளவுகோலைத் திருத்தி, எந்த வகுப்புப் படிப்பு இருந்தால் இது புரியும் என்று சொல்லும்படி ஆக்கினார்கள். 531 கடற்படையினருக்குப் பயிற்சிக் கையேட்டுப் பத்திகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். இன்று கணினியின் எழுதுபொறியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற வகுப்பு எண் அந்தச் சோதனையின் பிள்ளை. தாடை நோயாளிகளுக்கான இணையப் பக்கங்களை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பதும் அதைத்தான். நங்கூரமும் இயந்திரமும் பற்றிப் படித்த இளம் மாலுமிகளின் புரிதல், தாடை வலியோடு இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியைத் தடவும் ஒரு தாய்க்கு அளவாகிறது. இது தவறு என்று சொல்ல வரவில்லை. அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோயாளிக்கான எழுத்து ஆறாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. தாடை மூட்டு, பல் கடித்தல், தாடை அறுவை ஆகியவை பற்றிய ஆங்கிலப் பக்கங்களைப் பல ஆய்வாளர்கள் இந்தக் கோலால் அளந்திருக்கிறார்கள். மீண்டும் மீண்டும் வரும் முடிவு ஒன்றுதான்: பெரும்பாலான பக்கங்கள் ஆறாம் வகுப்பைத் தாண்டி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி அளவில் நிற்கின்றன.

ஆறாம் வகுப்பு என்றதும் நமக்குப் பெரியம்மா நினைவுக்கு வரவேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளியின் கல்வி சரியாக ஆறு ஆண்டுகள். 1816 இல் இதே ஜார்ஜ்டவுனில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்த நாட்டின் தமிழ்க் கல்வி வரலாற்றை எண்ணுகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆறாம் ஆண்டோடு வெளியேறி, மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ வேலைக்கோ போனவர்கள். அவர்களுக்குப் புரியும்படி எழுதுவதும் அந்தப் பரிந்துரைப்படி எழுதுவதும் ஒன்றுதான். 2019 ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசியாவின் பெரியவர்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கு மருத்துவத் தகவலைத் தேடி, புரிந்து, பயன்படுத்தும் திறன் குறைவாக இருக்கிறது என்று கண்டது. மூன்றில் ஒருவர். கடைத்தெரு என்று நம்மவர்கள் சொல்லும் லெபு பாசாரில் மாலை நேரத்தில் நடந்து போகிறவர்களை மூவர் மூவராக எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் தெரியும்.

அப்படியானால் ஃபிளெஷின் கோலைத் தமிழ்ப் பக்கத்தின்மேல் வைத்துவிடலாமா? வைத்துப் பார்த்தேன்.

'என் வாய் திறக்க மாட்டேன் என்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எல்லோரும் சொல்லும் நான்கு சொல் வாக்கியம் ஒன்று உண்டு: மை மவுத் வோன்ட் ஓப்பன். ஐந்து அசைகள். மதிப்பெண் சுமார் 97. மலாயில் 'சாயா தீடாக் டாபாட் மெம்புகா மூலுட்'. ஐந்து சொற்கள், பதினொரு அசைகள். மதிப்பெண் சுமார் 16, அதாவது 'மிகக் கடினம்'. மலாய் பேசும் மூன்று வயதுப் பிள்ளை சொல்லக்கூடிய வாக்கியம் அது! தமிழில் 'வாய் திறக்க முடியவில்லை'. மூன்று சொற்கள், ஒன்பது அசைகள். மதிப்பெண் சுழிக்குக் கீழே 50. கடைசி இரண்டு சொற்களைச் சேர்த்து 'திறக்கமுடியவில்லை' என்று எழுதினால், சுழிக்குக் கீழே 170ஐயும் தாண்டுகிறது. ஓர் இடைவெளியை எடுத்ததற்கு இவ்வளவு வேறுபாடு. ஒரே ஆளின் ஒரே வலி, அதற்கு நான்கு மதிப்பெண்கள்.

காரணம் மொழியின் கட்டுமானத்தில் இருக்கிறது. ஆங்கிலம் சிறு சொற்களைத் தனித்தனியாக வரிசையில் நிறுத்தும். மலாய் வேர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்க்கும். தமிழோ வேற்றுமை, காலம், இடம், எண், எதிர்மறை எல்லாவற்றையும் பூக்கட்டுவதுபோல் ஒரே நாரில் தொடுத்துவிடும். நீளமான சொல் நமக்குக் கடினமான சொல் இல்லை. 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' என்பதை எந்தப் பிள்ளையும் தடுக்காமல் படிக்கும். 'வட்டு' இரண்டே அசை. பெரியம்மா அதில்தான் தடுக்கினார். மலாய்க்கு வேறு கோல் வேண்டும் என்று உணர்ந்து கதீஜா ரொஹானி 1982 இல் மலாய் உரைநடைக்கென்றே ஒன்றை உருவாக்கினார். 300 சொற்கள் கொண்ட பகுதியை எடுத்து எண்ணும் முறை அது. தமிழுக்கு அப்படி எல்லோரும் கையில் எடுக்கும் ஒரு கோல் அமையவில்லை. அமைந்தாலும் அசையை எண்ணுவது அதில் முதலிடம் பெறக்கூடாது என்பது என் கருத்து.

தமிழில் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது? நான் பார்த்தவரை, இரண்டு இடங்களில்.

ஒன்று, பழகாத சொல். 'வட்டு', 'இடப்பெயர்வு', 'இயக்க எல்லை' போன்றவை சரியான கலைச்சொற்கள். அவற்றை ஆக்கியவர்கள் மதிப்புக்குரியவர்கள், பாடநூலுக்கு அவை வேண்டும். ஆனால் முதன்முறை வரும்போது கைபிடித்து அறிமுகம் செய்துவைக்க ஓர் உவமை கூடவே வரவேண்டும். அறிமுகமான பிறகு அந்தச் சொல் எத்தனை முறை வந்தாலும் சுமை இல்லை. ஃபிளெஷின் கோலுக்கு இது தெரியாது. டெம்போரோமாண்டிபுலர் இருபது முறை வந்தால் இருபது முறையும் அபராதம் போடும்.

இன்னொன்று, சொற்களின் வரிசை. இது நுட்பமானது; கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும், அதைப் பற்றிய விளக்கம் பின்னால் வால்போல் தொங்கும். தமிழில் விளக்கமெல்லாம் முன்னால் வந்து, பெயர் கடைசியில் வரும். வினை அதற்கும் கடைசியில். நம் சொந்த நடையில் எழுதும்போது இதை அறிந்து வாக்கியத்தை வெட்டிவிடுவோம். மொழிபெயர்க்கும்போது விட்டுவிடுகிறோம். கைப்பேசியில் அன்று இருந்ததைப் போன்ற ஒரு வாக்கியம் இதோ: 'மூன்று வாரங்களுக்கு மேலாக வலி குறையாமல் நீடிக்கும் நிலையில் பல்மருத்துவரால் அளவெடுத்துத் தயாரிக்கப்பட்ட இரவில் மட்டும் அணியப்படும் மேல்வரிசைப் பல் உறை பரிந்துரைக்கப்படுகிறது.' படிப்பவர் 'பல் உறை'யை அடையும்வரை எதைப் பற்றிப் பேச்சு என்றே தெரியாது. சுமை தூக்குபவரின் தலையில் மூட்டைமேல் மூட்டையாக ஏற்றிவிட்டு, எந்த வீட்டுக்கு என்பதைக் கடைசியில் சொல்வதுபோல. மனத்தின் குறுங்கால நினைவு சில மூட்டைகளைத்தான் தாங்கும். வலியும் பயமும் இருக்கும்போது அதிலும் குறையும். அதே செய்தியை இப்படி இறக்கி வைக்கலாம்: 'இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஓர் உறை உண்டு. மூன்று வாரம் ஆகியும் வலி குறையாவிட்டால் பல் டாக்டரிடம் கேளுங்கள். அவர் உங்கள் மேல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்து தருவார்.'

அசையை எண்ணாமல் புரிதலை நேரடியாகத் தொட ஒரு வழி 1953 இலேயே கிடைத்துவிட்டது. வில்சன் டெய்லர் என்ற அமெரிக்க இதழியல் ஆய்வாளர் காட்டிய வழி. பத்தியில் ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் அழித்துவிடு. படிப்பவர் விட்ட சொற்களைச் சரியாக நிரப்புகிறாரா என்று பார். வாசலில் போட்ட கோலத்தில் ஒரு கோடு மழையில் கரைந்துபோனாலும் கண் அதைத் தானே இழுத்துக்கொள்கிறது, கோலத்தின் போக்கு மனத்துக்குப் பிடிபட்டிருப்பதால். வாக்கியத்தின் போக்கு பிடிபட்டிருந்தால் விட்ட சொல்லும் அப்படியே வரும். இதற்கு 'விடுசொல் சோதனை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சுமார் 60 விழுக்காட்டுச் சொற்களை நிரப்ப முடிந்தால், துணையில்லாமலே படித்துப் புரிந்துகொள்கிறார் என்று பொருள். 40க்குக் கீழே போனால் பனுவல் அவரைக் கைவிட்டுவிட்டது. கின்கெய்டின் குழு கடற்படையினரைச் சோதித்ததும் இந்த முறையில்தான்.

நீங்களே செய்து பாருங்கள். முதல் பத்தி:

கீழ்த்தாடை மூட்டு வட்டின் முன்னோக்கிய ______ வாய் திறப்பின் இயக்க எல்லையைக் ______ மெல்லுதல் சார்ந்த தசைகளில் மிகை ______ தோற்றுவிக்கிறது.

இரண்டாவது:

காதுக்கு முன்னால் இருக்கும் தாடை ______ சும்மாடு போல ஒரு மெத்தை ______. அது முன்னால் நழுவினால் வாயை ______ திறக்க முடியாது. மெல்லும்போது கன்னம் ______.

முதல் பத்தியில் விட்டவை 'இடப்பெயர்வு', 'கட்டுப்படுத்தி', 'இறுக்கத்தைத்'. இரண்டாவதில் 'மூட்டுக்குள்', 'இருக்கிறது', 'முழுதாகத்', 'வலிக்கும்'. பெரியம்மாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். முதலாவதில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் நான்குக்கு மூன்று வந்தது. 'முழுதாக' என்பதற்குப் பதில் 'நல்லா' என்றார். சோதனையின் கறாரான விதிப்படி அது தவறு. மனிதர்களின் விதிப்படி சரி.

ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இருபது பேரிடம் ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது. காகிதமும் பேனாவும் போதும். தமிழில் நோயாளிகளுக்காகத் துண்டறிக்கை எழுதும் ஒவ்வொருவரும், அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கசப்பான செய்தி. எளிதாகப் படிக்க முடிகிற பக்கம் உண்மையான பக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாடை நோயின் வரலாறே அதற்குச் சான்று. 1934 இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் தாடை உள்ளே அமுங்கிக் காதுப் பக்கத்து நரம்புகளை அழுத்துகிறது, வலிக்கு அதுதான் காரணம் என்றார். தெளிவான, சட்டென்று புரிகிற விளக்கம். நரம்பு அமுங்கும் கதை உடற்கூற்றுக்குப் பொருந்தவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பல் பொருத்தத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நீடித்து, எத்தனையோ பேரின் நல்ல பற்கள் ராவப்பட்டன. திரும்பப் பெற முடியாத வைத்தியத்தை முதலில் செய்யாதே என்பதுதான் இன்றைய பொது வழிகாட்டல். 2020 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கையும் தாடை நோயாளிகள் நெடுங்காலம் சான்றில்லாத வைத்தியங்களுக்கு ஆளானதைப் பேசுகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 'இந்த வைத்தியம் செய்தால் வலி போகும்' என்பது குட்டி வாக்கியம், வாக்கிய நீளத்தைப் பார்க்கும் கோலில் நல்ல மதிப்பெண் வாங்கும். 'பலருக்குச் சில வாரங்களில் குறையலாம்; சிலருக்குக் குறையாது; யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்' என்பது நேர்மையான வாக்கியம். அது நீளும், மதிப்பெண் இறங்கும். விற்க வந்தவரின் நடை எளிதாகவும், உண்மையைச் சொல்ல வந்தவரின் நடை கனமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் வாசிப்பெளிமையோடு வேறொரு கோலையும் வைத்துப் பார்க்கிறார்கள். டிசெர்ன் என்ற பெயரில் 1999 இல் இங்கிலாந்தில் வெளியான 16 கேள்விகள் அவை. இந்தப் பக்கத்தின் நோக்கம் என்ன, தகவல் எங்கிருந்து வந்தது, நிச்சயமில்லாத இடங்களை ஒத்துக்கொள்கிறதா, வைத்தியத்தின் ஆபத்தைச் சொல்கிறதா, வைத்தியமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா? ஒரு நோயாளி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரியம்மாவை மறுநாள் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்த பெண் மருத்துவர் தாடை மூட்டைத் தொடும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, நீங்க வெத்தல பாக்கு போடுவீங்களா?"

நாங்கள் பார்த்த எந்தப் பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை. பாக்கு மரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தீவில், புலாவ் பினாங்கில், வாய் திறக்கவில்லை என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற பொருள், கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. இழுத்தால் நீளும் ரப்பர் பாலாடை வெயிலில் கிடந்து விறைத்துப்போவதுபோல், கன்னம் வெளுத்து விறைக்கிறது. காரம் பட்டால் எரிகிறது, வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருகிறது. மூட்டில் பழுதே இருக்காது. இந்த நார்த்தடிப்பு சிலருக்குப் புற்றுநோயாக மாறும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல், புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம், அதிலும் பெண்களிடம். ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் எழுதிய பக்கத்தை எவ்வளவு எளிய தமிழில் மாற்றினாலும், அதில் இல்லாத பாக்கு தானாக வந்து சேராது. பக்கத்தில் இருப்பதைத்தான் கோல் அளக்கும். இல்லாததை அளக்காது.

மருத்துவர் கண்ணாடியை வைத்துக் கன்னங்களின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். விறைப்பும் வெளுப்பும் இல்லை. பெரியம்மாவுக்கு வந்தது சும்மாடு நழுவியதுதான். பாக்கை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள் என்றார். பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. "நான் சொன்னத உங்க பேத்திகிட்ட எப்படிச் சொல்லுவீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றார். மருத்துவக் கல்வியில் இதற்குத் 'திருப்பிச் சொல்லக் கேட்டல்' என்று பாடமே உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி 1949 இல் தொடங்கிய ஊர் இது. பிள்ளைகளின் சொல்லில் பேசத் தெரிந்தவர்களின் பரம்பரை இங்கே அற்றுப்போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மருத்துவர் சொன்னவற்றை அரைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சும்மாடு, ஒத்தடம், கஞ்சி, கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையைக் கொடுப்பது. எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். எனக்கு அதில் நிறைவு.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, பெரியம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணு வெரல் உள்ள போகணுமாம். நானும் தெனமும் தள்ளித் தள்ளிப் பாக்குறேன். வலி உசுரு போகுது, ஆனா போகல."

தாளை வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியது: 'வாயில் மூன்று விரல் நுழைய வேண்டும்.' ஐந்து சொற்கள், தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. விடுசொல் சோதனை வைத்திருந்தாலும் தேறியிருக்கும். பெரியவர்களுக்கு வாய் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் திறக்கும், அது அவரவர் மூன்று விரல் அகலம் என்பதை மனத்தில் வைத்து எழுதியிருந்தேன். 'வேண்டும்' என்ற சொல் தமிழில் 'இப்படி இருப்பது இயல்பு' என்றும் பொருள்படும், 'இதைச் செய்' என்றும் பொருள்படும். பெரியம்மா கட்டளையாக எடுத்துக்கொண்டு, பழுதான மூட்டை இரண்டு வாரம் நெம்பியிருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்: 'வலிக்காத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து பாருங்கள். நல்ல தாடையில் மூன்று விரல் நுழையும். உங்களுக்கு இப்போது இரண்டுதான் நுழையும். விரலை உள்ளே தள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.'

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாள் பக்கம் திரும்பி, "இது செய்யச் சொல்றது இல்லியாம் பாக்கியம். அளவு பாக்குறது மட்டுந்தானாம்" என்றார்.